எர்மினியாவுக்காக ஒரு நேர்த்தி

நான்காம் மாடிப் படியேறி முடித்து, தோளிலிருந்த பொம்போலாவை இறக்கி வைத்தேன். கதவைத் திறந்த பெண் மற்றவர்களைப் போல "உள்ளே கொண்டு வா" என்று சொல்லாமல் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொறுங்கோ. நான் ஒருக்கா உதைத் தூக்கிப் பாக்கட்டோ?"

பொம்போலா என்றால் சமையல் வாயு அடைத்த இரும்புச் சிலிண்டர். சிசிலித் தீவின் பலெர்மோப் பட்டணத்தில், பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள சந்துகளில் ஐந்து வருடமாக அதைத்தான் சுமந்து பிழைத்தேன். வாசலில் தண்ணீர் தந்தவர்கள் இருக்கிறார்கள். பிந்திப் போனதற்கு என் ஏழு தலைமுறையையும் சிசிலியனில் திட்டியவர்களும் இருக்கிறார்கள். தூக்கிப் பார்க்கக் கேட்ட முதல் ஆள் அவள்தான். குனிந்து, இரண்டு கையாலும் அணைத்து, முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, தாங்க முடியாமல் தொம்மென்று வைத்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எட்டு வருடமாக வாயுவைப் பற்றிப் படித்தும் எழுதியும் வருகிறாளாம், இன்றைக்குத்தான் அதன் பாரம் தெரிந்ததாம். அவள் பேசியது இத்தாலியன். நான் பேசியதும் இத்தாலியன்தான் என்று பெரிய மனதுள்ளவர்கள் ஒப்புக்கொள்வார்கள். இரண்டையும் எங்கள் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒக்டோபர். அவள் பெயர் எர்மினியா. மொசாம்பிக் நாட்டுக்காரி, முப்பத்தாறு வயது, அங்கே ஓர் அமைச்சில் வேலை. ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த பதினைந்து பேருக்கு எண்ணெய், வாயு விவகாரங்களைச் சொல்லிக்கொடுக்கும் ஒன்பது மாதப் படிப்புக்காகப் பலெர்மோவுக்கு அனுப்பியிருந்தார்கள். மற்றப் பதினாலு பேரும் ஒழுங்கான விடுதியில் இருக்க, இவள் மட்டும் சந்தை இரைச்சல் கேட்காமல் தனக்கு நித்திரை வராதென்று எங்கள் கட்டடத்துக்கு வந்திருந்தாள்.

நாங்கள் மூன்றாம் மாடி. நான் அருளையா, மன்னார்ப் பக்கம் பேசாலை. என் மனைவி மாக்கிரட் காலையில் சிஞ்ஞோரா என்று கூப்பிடவேண்டிய ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டைத் துடைக்கிறாள், பின்னேரம் ஊர் உலகத்துக் கவலையெல்லாம் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை, லீவும் இல்லை. யாருக்கு என்ன தேவையென்றாலும் உடனே புனித றோசாலியாவுக்கு ஒரு நேர்த்தி வைத்துவிடுவாள். பட்டணத்துக்கு மேலே மலைக் குகையில் இருக்கிற புனிதை. எங்கள் ஆட்கள், சைவக்காரரோ கிறிஸ்தவ வேதக்காரரோ, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்கு நடந்து ஏறுவார்கள். யோசேப்பின் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பித்துக் கிடைக்க ஒரு நேர்த்தி, கோபாலசிங்கத்தாரின் முறிந்த கால் பொருந்த ஒன்று, சிஞ்ஞோராவின் பூனை வீடு திரும்ப ஒன்று. பூனை வந்தது. மாக்கிரட் செருப்பில்லாமல் மலையேறி ஒரு கிழமை நொண்டினாள்.

அவளும் எர்மினியாவும் ஒட்டிக்கொண்டதற்கு நான் காரணமில்லை, போர்த்துக்கீசர்தான் காரணம். ஒரு ஞாயிறு எர்மினியாவைச் சோற்றுக்குக் கூப்பிட்டிருந்தோம். "அந்தக் கதிரையை இழுத்துப் போடுங்கோ, துவாய் குசினிக்குள்ளை கிடக்கு" என்று மாக்கிரட் என்னிடம் தமிழில் சொன்னதும் விருந்தாளி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவள் படித்த போர்த்துக்கீச மொழியிலும் நாற்காலி கிட்டத்தட்டக் கதிரைதான். சமையலறைக்குக் குசினியும் துண்டுக்குத் துவாயும் அப்படியே. நானூறு வருடத்துக்கு முன் எங்கள் இரண்டு கரையிலும் கொள்ளையடித்தவன் ஒருவனே என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பின்னேரம் முழுக்க இரண்டு பெண்களும் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லித் திரிந்தார்கள். சப்பாத்து பொருந்தியது. அலுமாரி பொருந்தியது. அகப்பை பொருந்தவில்லை, அதற்காக இரண்டு பேரும் கவலைப்பட்டார்கள். அன்றிலிருந்து மாக்கிரட்டுக்கு அவள் 'பிள்ளை', அவளுக்கு மாக்கிரட் 'அக்கா'.

அந்த மாரியில் எங்கள் சந்தின் நடுவே ஆழமாக ஒரு கிடங்கு வெட்டினார்கள். இனி பொம்போலா தேவையில்லை, வீடுவீடாகக் குழாயில் வாயு வரப்போகிறது என்றார்கள். குழாய் வந்தால் என் வேலை போகும், வராவிட்டால் என் முதுகு போகும். இரண்டில் எதற்காகக் கவலைப்படுவதென்று தெரியாமல் கிடங்கோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எர்மினியாவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"உது எங்கையிருந்து வருது தெரியுமோ? அல்ஜீரியாவிலை, பாலைவனத்திலை எடுத்துக் கடலுக்கடியாலை கொண்டு வருகினம்."

"கடலுக்கடியாலையோ? நான் கடலிலை கிடந்து வளந்தவன், எனக்கொரு சொல்லுச் சொல்லயில்லையே."

அவள் சிரித்தாள். ஆனால் கிடங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கடை மண்ணுக்குக் கீழையும் உது கிடக்கு, அண்ணை. என்ரை ஊரிலையிருந்து நடந்து போற தூரம். அதுக்கு மேலை இருந்து என்ரை அக்கா விறகு எரிச்சுக் கரி சுட்டு விக்கிறா."

அவளுடைய சிக்கல் அப்போதுதான் எனக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது. படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் தன் நாட்டின் வாயுவை என்ன செய்வதென்று ஓர் அறிக்கை எழுதித் தங்கள் அமைச்சுக்கு அனுப்பவேண்டும். அமைச்சில் எர்மினியாவுக்கு மேலே இருந்த பணிப்பாளர் ஏற்கெனவே முடிவு சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் ஒரு பெருங்குழாயில் பக்கத்து நாட்டுக்கு விற்கவேண்டும். போர் முடிந்து ஐந்து வருடமான நாடு, பாலங்கள் உடைந்து கிடக்கின்றன, பள்ளிக்கூடங்களுக்குக் கூரையில்லை, கையில் கிடைத்ததை விற்காமல் என்ன செய்வது? அப்படி எழுதினால் திரும்பிப் போகும்போது பிரிவுத் தலைவி பதவி காத்திருக்கும். பலெர்மோப் பேராசிரியரோ நேர்மாறு. அந்த மார்கழியில்தான் உலக நாடுகள் ஜப்பானில் கூடி, பூமி சூடாவதைத் தடுக்க ஒப்பந்தம் எழுதியிருந்தன. பணக்கார நாடுகள் செய்த பிழையை ஏழை நாடுகள் திரும்பச் செய்யக்கூடாது, வாயுவைத் தொடாமல் விட்டு நேரே வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கவேண்டும், அதை எழுதத் துணிவுள்ள ஆள் இந்த வகுப்பில் எர்மினியாதான் என்று அவர் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார்.

வசந்த காலத்தில் அந்தப் பேராசிரியர் மாணவர்களைப் பக்கத்து ஊரான பகேரியாவில் உள்ள தன் பழைய மாளிகைக்கு விருந்துக்கு அழைத்தார். அடுத்த நாள் எர்மினியா எங்கள் குசினியில் வந்து இருந்து வெங்காயம் உரித்தபடி பொரிந்து தள்ளினாள்.

"அவர் நல்ல மனிசன், அக்கா. சொல்லிறதும் பொய்யில்லை. கடல் ஏறினால் முதல் போறது எங்கடை கரைதான், எனக்குத் தெரியும். புயலும் இப்ப முந்தினமாதிரி இல்லை. ஆனா அவர் அதைச் சொல்லேக்கை தோட்டத்திலை நாப்பது லைற் எரியுது. நான் எண்ணினனான். என்ரை அக்காவின்ரை ஊரிலை ஒண்டு கூட இல்லை."

"அப்ப பணிப்பாளர் சொல்லிறமாதிரி எழுதன் பிள்ளை."

"எழுதினால் குழாய் என்ரை அக்காவின்ரை வாசலாலை போகும். அவ அதுக்கு மேலை நிண்டு கரி விப்பா. மரமும் இப்ப கிட்ட இல்லை, விடியக் காலமை போனால் மத்தியானம் கடந்துதான் வாறா. புகையிலை கண் ரெண்டும் சிவந்து கிடக்கு."

"அப்ப நீ என்னதான் சொல்லிறாய்?"

எர்மினியா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கொஞ்சத்தை விற்று அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டலாம். ஒரு பங்குக்குச் சின்னக் குழாய் போட்டுப் பக்கத்து இரண்டு பட்டணங்களின் அடுப்புகளுக்கும் வெதுப்பகங்களுக்கும் கொடுக்கலாம், மரம் தப்பும், கண் தப்பும். மிச்சத்தை நிலத்துக்குள்ளேயே விட்டுவைத்து, இருபது வருடத்துக்குள் வெயிலுக்கு மாறலாம். கரி விற்கிறவர்களுக்கு வேறு வேலை வேண்டும், அதற்கும் ஒரு அத்தியாயம். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தாளாம். பேராசிரியர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம். பணிப்பாளர் வாசித்தால் ஆளையே கழற்றிவிடுவார்.

"பிடியரிசி மாதிரி" என்றாள் மாக்கிரட். ஒவ்வொரு தரமும் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துக் கோயிலுக்கென்று தனியே போடுவது அவள் வழக்கம். "வித்துத் தின்னாலும் ஒரு பிடி தொடாமல் இருக்கவேணும்."

"ஓம். ஆனா பிடியரிசி எண்டு எழுதினால் ஆர் அக்கா அச்சடிப்பினம்?"

மே மாத நடுவில் பணிப்பாளரிடமிருந்து ஒரு ஃபாக்ஸ் வந்தது. சந்தை மூலையில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி பேசுகிற கடை வைத்திருந்த வெல்லியெனிடம்தான் எங்கள் எல்லாருக்கும் ஃபாக்ஸ் வரும். வெல்லியென் மொரீசியஸ் தமிழன். நாலு தலைமுறைக்கு முன் போன குடும்பம். தமிழில் தேவாரம் பாடுவான், தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது. வருகிற கடிதங்களை முதலில் தான் வாசித்து, முகத்தைப் பார்த்து, ஆறுதலோ வாழ்த்தோ சேர்த்துக் கொடுப்பான். எர்மினியாவுக்கு அன்றைக்கு ஆறுதல். அறிக்கை இந்தக் கிழமைக்குள் வரவேண்டும், சொன்னபடி வரவேண்டும், பதவிக்கு வேறு இரண்டு பேர் நிற்கிறார்கள்.

அவள் அந்த வேலையை விட்டால் வேறு வழியில்லாதவள். போரில் புருசனை இழந்து, அந்தச் சம்பளத்தில் தன் வீட்டையும் அக்காள் வீட்டையும் இழுக்கிறவள். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பணிப்பாளர் சொன்னபடியே எழுதி வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டாள். திரும்பி வரும்போது எங்கள் வாசலில் நின்று "அனுப்பிட்டன்" என்று சொல்லி, மாக்கிரட்டின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அழுகிறவளிடம் காரணம் கேட்கக்கூடாது என்பது மாக்கிரட்டின் கொள்கை. அதற்குப் பதிலாக முதுகைத் தடவிவிட்டு, காரணத்தைத் தானே தீர்மானித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கூடச் சொல்லாமல் மலைக்குப் போய் வந்தாள்.

திங்கள் பின்னேரம் எர்மினியா கீழே இறங்கி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மாக்கிரட் தேத்தண்ணியை வைத்துவிட்டு, பெரிய நல்ல செய்தி சொல்லப்போகிற தோரணையில் எதிரே இருந்தாள்.

"ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை. பாரத்தைக் குடுத்திட்டன். நேர்த்தி வைச்சிட்டன்."

"என்னெண்டு?"

"நீ அனுப்பின கடதாசியை உன்ரை பணிப்பாளர் அப்பிடியே ஏற்கவேணும், பதவி உனக்கே கிடைக்கவேணும் எண்டு. கிடைச்சால் என்ரை தலைமயிரை இறக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

மாக்கிரட்டின் தலைமயிர் இடுப்புக்குக் கீழே விழும். அதற்கு ஒரு கதை உண்டு. மண்டபம் முகாமில் அகதிகளாக இருந்தபோது வேளாங்கண்ணிக்குப் போய், ஒரு பிள்ளை பிறந்தால் முடியிறக்குவதாக நேர்ந்திருந்தாள். பிள்ளை பிறக்கவில்லை, முடி மிஞ்சியது. பன்னிரண்டு வருடமாக அதை எண்ணெய் வைத்துப் பின்னி முடிக்கிறாள், நான் தினமும் பார்க்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அந்த முடியை இந்தப் பிள்ளைக்காகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கோபப்படுவதா, அவளைக் கட்டிப்பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

எர்மினியா கோப்பையை அப்படியே வைத்தாள். "ஐயோ அக்கா. நான் அதைத் திருப்பி எடுக்கப்போறன். அந்தக் கடதாசி பிழை. என்ரை எண்ணத்தை ஒழுங்கா எழுதி வேறை ஒண்டு அனுப்பத்தான் இப்ப இறங்கி வந்தனான், உங்களிட்டைச் சொல்ல."

"எண்டால் நீ அழுதது?"

"வெக்கத்திலை. என்ரை சொந்த அக்காவை வித்துப்போட்டு வந்த வெக்கத்திலை."

மாக்கிரட் எழுந்து போய்ச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினாள்.

"நீங்கள் எனக்கெதிராப் போய்க் கேட்டுப்போட்டியள்" என்றாள் எர்மினியா. "நான் வாயு படிச்சவள்தான். ஆனா புனிதர்களை நம்பாமல் இருக்க எனக்குத் துணிவில்லை. இப்ப நான் ரெண்டாவது கடதாசியை அனுப்பினாலும் அந்த மனிசன் முதலாவதைத்தான் எடுப்பான். நீங்கள் பூனையைக் கொண்டந்தனீங்கள்."

"நல்லதுக்கெண்டு செய்தால் என்னிலை பாயிறியோ? என்ரை தலையைக் குடுக்கிறன் எண்டெல்லே சொன்னனான்!"

"என்ரை தலையைக் கேக்காமல்!"

இரண்டு நாள் பேச்சில்லை. மேலேயும் கீழேயும் சாப்பாட்டுக் கோப்பை கொண்டு போகிற தூதுவன் வேலை எனக்கு வந்தது. பொம்போலாவை விட அது பாரம். சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. கோபத்திலும் மாக்கிரட் அவளுக்கு உறைப்பைக் குறைத்துத்தான் சமைத்தாள். மேலே போனால் எர்மினியா மேசை முழுக்கக் கடதாசியோடு இருப்பாள். எழுதி முடித்திருந்தாள், முப்பத்தொரு பக்கம். ஆனால் அனுப்பவில்லை. முதலில் எழுதியதை நானே மறுக்கிறேன் என்று மேலே ஒரு கடிதமும் வைக்கவேண்டும், அதை வைத்தால் பதவி போவது நிச்சயம், வேலையே போனாலும் போகும். கோபத்துக்குப் பின்னால் பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது. நேர்த்தியை ஒரு சாட்டாகப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நானாக இருந்தாலும் பிடித்திருப்பேன்.

புதன்கிழமை எங்கள் பங்குக் குரு வலன்ரைன் சுவாமியிடம் போனோம். நேர்த்தியை வேறொன்றாக மாற்ற வழியிருக்கிறது, ஒரு செபமாலையோ தர்மமோ செய்தால் போதும், நான் மாற்றித் தருகிறேன் என்றார். மாக்கிரட் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "நான் என்ன இவரிட்டையோ கேட்டனான்?" என்றாள். மீன் கடைகளைத் தாண்டினோம், விலை கேட்கவில்லை. அவள் விலை கேட்காமல் அந்தச் சந்தையைக் கடந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

வீட்டு வாசலில் நின்று சொன்னாள். "இஞ்சேருங்கோ, பணிப்பாளர் அவளுக்கெண்டு ஒண்டு கேக்கிறார். அந்தப் பேராசிரியர் அவளுக்கெண்டு ஒண்டு கேக்கிறார். எல்லாம் அவளின்ரை நன்மைக்காம். நானும் போய் அவையளோடை வரிசையிலை நிண்டிருக்கிறன். அவளிட்டை ஒருத்தரும் கேக்கயில்லை."

"அதுக்கு இப்ப என்ன செய்யிறது?"

"கேட்டதை விடுறன். சொன்னதைக் குடுக்கிறன். ஒண்டும் கேக்காமல் குடுத்தால் புனிதைக்கு என்ரை கையாலை ஒரு கட்டும் இல்லையெல்லே? அவ தன்ரை பாட்டிலை யோசிக்கட்டும். பிள்ளையும் தன்ரை பாட்டிலை யோசிக்கட்டும்."

இதற்கு வேதாகமத்தில் இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாக்கிரட் தீர்மானித்துவிட்டாள்.

சனிக்கிழமை சந்தை முகப்பிலுள்ள முடிவெட்டும் கடைக்குப் போனோம். கடைக்காரர் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, விசயத்தைக் கேட்டு, கத்தரியை மேசையில் வைத்துவிட்டார். தன் தாய்மேல் ஆணையாக இந்தப் பாவத்தைச் செய்யமாட்டேன் என்றார். என்னைப் பார்த்த பார்வையில், மனைவியை வதைக்கிற மிருகம் நானென்று எழுதியிருந்தது. திரும்பி வந்து, குசினி யன்னலோரம் கதிரையைப் போட்டு, துவாயைத் தோளில் சுற்றி, மாக்கிரட் சவரக்கத்தியை என் கையில் தந்தாள்.

"ஏன் நிக்கிறியள்? கண்ணிலை என்ன?"

"கண்ணுக்குள்ளை மயிர் விழுந்திட்டுது."

"இன்னும் வெட்டத் தொடங்கயில்லையே, மனிசா."

பின்னலைக் கத்தரியால் அறுக்கவே நேரம் எடுத்தது. பிறகு சவுக்கார நுரை பூசி, நெற்றியிலிருந்து பின்னுக்கு மெல்ல இழுத்தேன். அவள் தலையில் இடது பக்கம் ஒரு சின்ன மச்சம் இருந்தது. பதினாறு வருடம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சொன்னேன். "எங்கை?" என்று தடவிப் பார்த்தாள். அவளை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று அந்த நேரம் சொல்லியிருக்கலாம், நான் பேசாலைக்காரன், "ஆடாமல் இரு" என்று மட்டும் சொன்னேன். பிறகு குனிந்து அந்த மச்சத்தில் ஒரு முத்தம் வைத்தேன். சவுக்காரம் கைத்தது.

எர்மினியா வெறுங்கோப்பையைத் திருப்பித் தர இறங்கி வந்தபோது நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கோப்பையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"பதில் வந்திட்டுதோ? அவர் ஏற்றிட்டாரோ?"

"ஒண்டும் வரயில்லை. நான் ஒண்டும் கேக்கவுமில்லை" என்றாள் மாக்கிரட். "இது சும்மா குடுக்கிறது. இனி உன்ரை விசயத்துக்குள்ளை நான் இல்லை. நீ எதை அனுப்பினாலும், அனுப்பாட்டிலும், மத்தியானச் சோறு இஞ்சைதான்."

எர்மினியா வந்து அவள் தலையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தாள். நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு படியேறிப் போனாள். திரும்பி இறங்கும் சத்தம் கேட்டது, எங்கள் வாசலைத் தாண்டிக் கீழே போனது. நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். நெஞ்சோடு ஒரு கடதாசிக் கட்டை அணைத்துக்கொண்டு மீன்காரர்களுக்கிடையே போய்க்கொண்டிருந்தாள். மனம் கேளாமல் நானும் பின்னால் போனேன்.

வெல்லியென் மேலே வைத்த மறுப்புக் கடிதத்தில் தொடங்கி ஒவ்வொரு பக்கமாக இயந்திரத்துக்குள் விட்டான், விடமுன் ஒவ்வொன்றையும் வாசித்தான். பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டான்.

"முதல் கடிதம் இதைவிட உறுதியா இருந்தது, சிஞ்ஞோரா. இது எல்லாரையும் கோபப்படுத்தும்."

"தெரியும்."

"கடல் ஏறுறதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கரை போகும், சரி. எங்களுக்குத் தீவே போகும். எங்களிடம் எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை, கரும்புதான். அதற்கு இதில் ஒரு வரி இருக்கிறதா?"

எர்மினியா அவனைப் பார்த்தாள். பிறகு பேனையை வாங்கி, பதினேழாம் பக்கத்தின் ஓரத்தில் நின்றபடியே மூன்று வரி எழுதினாள். வெல்லியென் வாசித்து, சரியென்று தலையை அசைத்து, இயந்திரத்துக்குள் விட்டான். முப்பத்தோராவது பக்கமும் போய்ச் சேர்ந்ததென்று இயந்திரம் கீச்சிட்டபோது எர்மினியாவின் முகம் வெளிறியிருந்தது. "போச்சு" என்றாள். பதவியைச் சொன்னாளோ கடிதத்தைச் சொன்னாளோ தெரியாது.

மறுநாள் மூன்று பேரும் மலையேறினோம். மாக்கிரட் வெறுங்காலோடு, தலையில் ஒரு வெள்ளைத் துணியோடு. வழி முழுக்க எர்மினியா நிலத்தைப் பார்த்தபடியே நடந்தாள். வேலை போனால் அக்காள் வீட்டுக்கு யார் என்று அவள் யோசிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. பாதி வழியில் அவளும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

குகைக்குள் எப்போதும் ஈரம். பாறைக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க மேலே தகரப் பீலிகள் போட்டிருக்கிறார்கள், அதையும் மீறி அங்கங்கே சொட்டும். அன்றைக்கு நல்ல சனம். வரிசை நகர்ந்து கண்ணாடிக்குப் பின்னால் புனிதையின் சிலை படுத்திருக்கிற இடத்துக்கு வந்ததும், மாக்கிரட் துணியை அவிழ்த்துத் தலையைக் குனிந்தாள். அறுத்த பின்னலைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். ஒரு வாய் அசைவும் இல்லை. எதையும் கேட்காமல் அவள் கும்பிட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தரம். பிறகு விலகி, எர்மினியாவின் முழங்கையைப் பிடித்து முன்னுக்குத் தள்ளிவிட்டாள்.

"நான் என்ன கேக்கிறது, அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? உன்ரை வாயாலை கேள்."

எர்மினியா நின்றாள். கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். மெல்லப் பேசத் தொடங்கினாள். அது இத்தாலியன் இல்லை, எங்களுக்கு அங்குமிங்குமாக விளங்குகிற போர்த்துக்கீசமும் இல்லை, அவளுடைய சொந்த ஊர்ப் பேச்சு. எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கெஞ்சுகிற குரலில் தொடங்கினாள், பிறகு விவரம் சொல்கிற குரலுக்கு மாறினாள், விரலை மடித்து ஒன்று, இரண்டு என்று ஏதோ அடுக்கினாள், ஓரிடத்தில் புனிதையோடு வாதாடினாள் என்றே நினைக்கிறேன். பின்னால் நின்ற ஒரு சிஞ்ஞோரா முணுமுணுத்தாள். மாக்கிரட் திரும்பி, "கொஞ்சம் பொறுங்கோ, அவ கதைச்சு முடிக்கட்டும்" என்று தமிழிலேயே சொன்னாள்.

அப்போது பீலிக்குத் தப்பிய ஒரு துளி நேரே அவளுடைய மழித்த தலையின் நடுவில் விழுந்தது. மாக்கிரட் "ஐயோ" என்று துள்ளி, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். எர்மினியா திரும்பிப் பார்க்கவில்லை, அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். மாக்கிரட் கூரையை அண்ணாந்து பார்த்து, அரை அடி இடப்பக்கம் நகர்ந்து, அடுத்த துளி விழப்போகிற இடத்தில் தலையை நீட்டிக்கொண்டு நின்றாள்.